அரைக் கரண்டி சோடா

ஒன்பதே கால் ஆகியும் பயறு வேகவில்லை. கரண்டியில் நாலைந்தை எடுத்து, ஊதி, விரல் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தாள். தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு கழன்றது, உள்ளே கல். பன்னிரண்டு மணிக்கு இந்த பஸ் டிப்போவில் மணி அடித்ததும் நூற்றெண்பது பேர் தட்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். பயறு வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, அதற்குத்தான் இவள் இருக்கிறாள். பதினோரு வருடமாக இருக்கிறாள். இவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்கள்கூட இவளைக் கேன்டீன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

முந்தின நாளே ஊற வைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சாமான் வண்டி காலை ஏழரைக்குத்தான் வரும். வண்டியில் என்ன வருகிறதோ அதுதான் அன்றைக்குச் சாப்பாடு. பயறு வந்தால் பயறு, கடலை வந்தால் கடலை. அடுத்த நாளுக்கென்று கேன்டீனில் ஒரு பிடி வைக்கக் கூடாது, எலி வரும் என்று மேலிடத்து உத்தரவு. எலி வரத்தான் செய்கிறது, அது வேறு விஷயம். மூன்று அடுப்பில் ஒன்று செத்து எட்டு மாதமாகிறது. புகார்ப் புத்தகத்தில் மூன்று முறை எழுதினாள். நாலாவது முறை எழுதப் போனபோது புத்தகத்தையே காணோம்.

அடுப்புக்கு மேலே கை எட்டும் உயரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதில்தான் சமையல் சோடா. ஒரு கரண்டி அள்ளி அண்டாவில் தூவினாள். கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் பொங்கி, வெள்ளை நுரையாக விளிம்பு வரைக்கும் ஏறியது. நுரையை வழித்து வழித்து வாளியில் கொட்டினாள். இனி முக்கால் மணி நேரம் போதும், பயறு வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் கூடிப்போனால் சோப்பு வாடை வரும், குறைந்துபோனால் கல் கல்லாகவே இருக்கும். கீரையில் ஒரு சிட்டிகை போட்டால் பச்சை அப்படியே நிற்கும், ஆனால் கீரை கூழாகிவிடும். இதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். மூளையைக் கேட்கவே வேண்டாம்.

சாப்பிட்டு எழுந்தவர்களுக்கு வயிறு உப்பிக்கொள்ளும் என்பதும் தெரியும். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தாமல் ஒருவரும் கேன்டீனை விட்டு வெளியே போவதில்லை. "அக்கா, உங்க பயறைச் சாப்பிட்டா பஸ்ஸுக்கு டீசலே வேண்டாம், நானே பின்னாடி இருந்து தள்ளிட்டுப் போயிடுவேன்" என்று ஒரு டிரைவர் தினமும் சொல்வார். "பேசாம சாப்பிடு, காத்து கம்மியா உள்ள போகும்" என்று இவளும் தினமும் சொல்வாள். பதினோரு வருடத்தில் அந்த ஜோக்கும் சலிக்கவில்லை, அந்தப் பதிலும் மாறவில்லை. சலித்தது இவளுக்குத்தான், ஜோக்கு அல்ல, எல்லாமே.

பாத்திரம் கழுவும் அம்மாளுக்கு டிப்போவில் ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போதுதான் மூடுவாள். ஒரு வரிச் செய்தியைச் சொல்ல அவளுக்குப் பத்து வரி வேண்டும். அதில் எட்டு வரி மருமகளைப் பற்றியதாக இருக்கும். அந்த ரேடியோ அன்றைக்குப் பின்வாசல் வழியாக ஓடிவந்து, ஈரக் கையோடு இவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பிரேக் அண்ணன் விழுந்துட்டாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இவள் கரண்டியை அவள் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினாள்.

பிரேக் அண்ணன் என்பது இவளுடைய புருஷன். ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருடமாக பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிரேக் வேலை பார்க்கிறவர். பிரேக் வேலை பார்ப்பதால் அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். பேச்சுக்கும் பிரேக் போட்டு வைத்திருப்பதால் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவரை எல்லோரும் கேலி செய்வார்கள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

இவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒர்க்‌ஷாப் தரையில் ஒரு சாக்கின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். யாரோ அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. உதடு வெளிறி, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இவளைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தார்.

"பயறு இறக்கிட்டியா?" என்றார்.

"பயறு கிடக்குது பயறு" என்றாள் இவள். தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

*

அவருக்கு வயிற்றெரிச்சல் தொடங்கி ஏழு வருடம் இருக்கும். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எரியுதா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். கேன்டீனில் வயிற்றெரிச்சல் என்று வருகிற டிரைவர்களுக்கு இவள் செய்வதுதான்: அரை டம்ளர் தண்ணீரில், டீக்கரண்டியால் அரைக் கரண்டி சோடா. கலக்கிக் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தார். கட்டில் ஓரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாளெல்லாம் நின்ற தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே காத்திருந்தாள். இரண்டு நிமிஷத்தில் ஒரு பெரிய ஏப்பம் வந்தது. "சரியாயிடுச்சா?" என்றாள். "ம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "உன் கைராசி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. அவள் அதை மறக்கவில்லை.

அதிலிருந்து தினமும் ஆயிற்று. முதலில் ராத்திரி மட்டும், பிறகு காலையிலும். அரைக் கரண்டி எப்போது முக்கால் ஆனது, முக்கால் எப்போது ஒன்றானது என்று அவளால் இப்போது சொல்ல முடியாது. முதுகுவலி வேறு. பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகு போய்விட்டது. டிப்போ வாசலில் இருக்கிற கடையில் வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி வைத்துக்கொள்வார். டாக்டரிடம் போகலாம் என்று இவள் சொன்னபோதெல்லாம் "பாக்கலாம்" என்பார். இவளுக்கும் ஒரு நாள் லீவு போட்டால் அடுப்பைப் பார்க்க ஆள் இல்லை. பாக்கலாம் பாக்கலாம் என்றே ஏழு வருடம் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டிப்போவில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை நடந்தது. அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதை இவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். அண்டாவில் உப்புப் போடும் முன்னால் அவருக்கென்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். சப்பென்று இருக்கும் அந்தச் சோற்றையும் பயறையும் அவர் இரண்டு வருடமாக முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். உப்புக்கு முன்னால் எடுத்த அந்தக் கிண்ணம் சோடாவுக்குப் பின்னால் எடுத்தது என்பதையோ, ராத்திரி கொடுக்கும் டம்ளரையோ அவள் உப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கரிக்கவில்லையே, எப்படிச் சேர்ப்பாள்?

*

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி, பன்னிரண்டு கட்டில் போட்ட வார்டு. ஜன்னல் ஓரத்துக் கட்டில் அவருக்குக் கிடைத்தது. ஒரு கையில் சலைன் ஏறியது, இன்னொரு கையில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தால், அவளைப் படுக்க வைத்துவிட்டு இவர்கள் பார்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வயித்துல வலி, எரிச்சல் ஏதாவது இருந்துச்சா?"

"எப்பவாவது" என்றார் அவர்.

"மலம் கருப்பா போச்சா?"

"கவனிக்கலீங்க."

"மாத்திரை ஏதாவது எடுத்துக்கிறீங்களா?"

"முதுகுவலிக்கு. அதுவும் எப்பவாவது."

இவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவளுக்குக் காது சூடானது. தெருவில் போகிற ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி தன் வயிற்றைப் பற்றிச் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மணிக்கு டாக்டர் மறுபடி வந்தாள். கையில் இரண்டு காகிதம். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தாள், மறுபடி முதலாவதைப் பார்த்தாள்.

"ரத்தம் குறைஞ்சிருக்கு. அது புரியுது, வயித்துக்குள்ள புண்ணு இருந்து கசியுதுன்னு நினைக்கிறேன். நாளைக்குக் காலையில குழாய் விட்டுப் பாக்கணும். ஆனா இன்னொண்ணு எனக்குப் புரியல. ரத்தத்துல காரத்தன்மை ரொம்பக் கூடியிருக்கு, பொட்டாசியம் ரொம்ப இறங்கியிருக்கு. இப்படி இருந்தா இதயம் எப்ப வேணும்னாலும் தாளம் தப்பும். இது ஏன்னு தெரியாம நான் எதைச் சரி பண்றது? வாந்தி எடுத்தாரா?"

"இல்லைங்க" என்றாள் இவள்.

"வேற ஏதாவது பொடி, மருந்து, யாராவது சொன்னாங்கன்னு குடிக்கிறது?"

"ஒண்ணுமே இல்லீங்க" என்று அவர் முந்திக்கொண்டார். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் எதற்கும் முந்திக்கொண்டதை இவள் பார்த்ததில்லை. சொல்லிவிட்டு இவளை ஒரு பார்வை பார்த்தார். பேசாதே என்று அர்த்தம்.

அவள் பேசவில்லை. அதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அவளுக்கு ஆறாது. டாக்டர் காகிதங்களை மடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றாள். பயம்தான். பெண்டாட்டியே கலக்கிக் கலக்கிக் கொடுத்தாளாம் என்று டிப்போ முழுக்கப் பேசுவார்கள். ரேடியோ ஒருத்தி போதும். அதைவிட, இந்தச் சின்னப் பெண் தன்னை நிமிர்ந்து பார்ப்பாளே, அந்தப் பார்வைக்குப் பயம்.

"மாத்துத் துணி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

வீடு காலையில் விட்டுப்போனபடியே கிடந்தது. கட்டில்மேல் போர்வை சுருண்டு கிடந்தது. தொட்டியில் இரண்டு தட்டு. சமையல் மேடையில் அந்த டம்ளர் மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காலையில் நாலரைக்கு அவள் கலக்கிக் கொடுத்தது. அவர்தான் கழுவி வைத்திருக்க வேண்டும். அதன் அடியில் வெள்ளையாக ஒரு படலம் எப்போதும் உண்டு, தேய்த்தாலும் போகாது. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தாள்.

துணிகளை எடுத்தாள். ஆணியில் மாட்டியிருந்த முந்தின நாள் வேலைச் சட்டையை, துவைக்கப் போடலாம் என்று கழற்றி, வழக்கம்போலப் பையில் கையை விட்டாள். வழக்கமாக ஒரு நட்டோ வாஷரோ வரும். அன்றைக்குக் காகிதப் பொட்டலங்கள் வந்தன. ஐந்து. செய்தித்தாளைச் சின்னச் சதுரமாகக் கிழித்து, நாலு பக்கமும் மடித்துச் செருகி, ஒன்றுபோல இன்னொன்று. அவர் எதைச் செய்தாலும் அப்படித்தான், பிரேக் லைனிங் மாட்டுகிற நேர்த்தி. ஒன்றைப் பிரித்தாள். நாக்கில் வைத்துப் பார்க்கவே தேவையில்லை. கண்ணுக்கே தெரிந்தது.

அவள் கொடுப்பது இரண்டு வேளை. அதற்கு மேலே இந்த ஐந்து. சட்டைப் பையில் ஐந்து என்றால் டிப்போ அலமாரியில் எத்தனையோ. ஒரு மாதமாக அவர் கால் வீங்கியிருந்ததும், செருப்பின் வாரை அவர் தளர்த்திக்கொண்டதும் அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வயதாகிறது என்று நினைத்திருந்தாள். ஒரே வீட்டில், ஒரே டிப்போவில், ஒரே அண்டாச் சாப்பாட்டில் இருந்துகொண்டு இந்த மனுஷனுக்கு இவ்வளவு வலி என்று தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. அழுகை வரவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. ஐந்து பொட்டலத்தையும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

டாக்டர் நடைபாதையில் நின்றபடியே ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மதியச் சாப்பாடு அதுதான் போலிருந்தது. இவள் முடிச்சை அவிழ்த்துப் பொட்டலங்களை நீட்டினாள்.

"இது என்ன?"

"சமையல் சோடா. அவருக்கு ஏழு வருஷமா வயித்தெரிச்சல். நான்தான் கலக்கிக் குடுத்தேன். ரெண்டு வேளை, ஒவ்வொரு கரண்டி. இது எனக்குத் தெரியாம அவரா எடுத்துக்கிட்டது. எப்பவாவது இல்ல, தினமும். வலி மாத்திரையும் தினமும்தான்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். இவள் பயந்த பார்வை அது இல்லை. தொலைந்த சாவி கிடைத்தவள் மாதிரி பார்த்தாள். பன்னை அப்படியே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக நர்ஸ் மேஜைக்குப் போய் ஏதோ எழுதினாள், யாருக்கோ போன் செய்தாள். அப்புறம்தான் திரும்பி வந்தாள்.

"நல்ல வேளை சொன்னீங்க. நாளைக்குன்னா சிக்கலாயிருக்கும்."

"நான்தானே டாக்டர் பண்ணினேன்?"

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள். "புண்ணு அனேகமா அந்த வலி மாத்திரையால வந்திருக்கும். சோடா அதை மூடி வச்சிடுச்சு. குடிச்சதும் வயித்து அமிலம் அடங்கும், காத்து ஏப்பமா வெளிய வரும், சரியாயிட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துல அமிலம் மறுபடி சுரக்கும். மறுபடி குடிப்பீங்க. உள்ள புண்ணு பாட்டுக்கு ஆழமாயிட்டே போகும். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னாங்களா?"

"ரெண்டு வருஷமா அவருக்கு உப்பே போடறதில்ல."

"உப்புல எது ஆகாதுன்னு நிறுத்தினீங்களோ, அந்தச் சோடியம் இதுலயும் இருக்கு. கரிக்காது, அவ்வளவுதான்."

இவள் தலையை ஆட்டினாள். "நான் டிப்போ கேன்டீன்ல சமைக்கிறேன். பயறு வேக இதைத்தான் போடறேன். நூத்தெண்பது பேரு" என்றாள்.

"எவ்வளவு போடுவீங்க?"

"கரண்டியால."

டாக்டர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். "அத்தனை பேருக்கு நடுவுல அது பெரிய அளவு இல்லதான். யாரும் விழுந்துட மாட்டாங்க. ஆனா தினமும்னா, அழுத்தம் இருக்கிறவங்களுக்கு நல்லதில்ல. பயறுல இருக்கிற சத்தும் கொஞ்சம் போயிடும். முந்தின நாளே ஊற வச்சிடுங்களேன்."

"ஊற வைக்க விட்டா நான் ஏன் டாக்டர் சோடா போடப் போறேன்?"

கோபத்தில் சொல்லவில்லை. அசதியில் வந்தது. டாக்டருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பையிலிருந்து பன்னை எடுத்து, பாதியைப் பிய்த்து இவளிடம் நீட்டினாள். இருவரும் நின்றபடி அதைத் தின்றார்கள்.

*

மூன்றரைக்கு அவருக்கு வேறு பாட்டில் ஒன்றை ஏற்றினார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். நர்ஸ் ஒயரில் தொங்கும் ஒரு பொத்தானைத் தலையணை ஓரத்தில் வைத்தாள். "வலி வந்தா, படபடப்பா இருந்தா உடனே இதை அழுத்துங்க. பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள புண்ணு பெருசா கசிஞ்சா உங்க வலிதான் எங்களுக்கு முதல்ல சொல்லும்" என்றாள். அப்போது பார்த்து நாலாம் நம்பர் கட்டில்காரர் தன் பொத்தானை அழுத்தினார். சுவரில் மணி கர்ரென்று அலறியது, பன்னிரண்டு கட்டிலும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பிப் பார்த்தன. தண்ணீர் வேண்டுமாம். நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

இவள் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னைத் திட்டினாங்களா?"

"பன் குடுத்தாங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. இவள் விடவில்லை.

"சட்டைப் பையில அஞ்சு பொட்டலம். எனக்குத் தெரியாம எத்தனை நாளா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "ஒரு வருஷமாவே அது கேக்கல."

"எது?"

"சோடா. குடிச்சாலும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்."

"ஏப்பம் விடுவீங்களே. சரியாயிடுச்சான்னா ம்னு சொல்லுவீங்களே."

"சில நாள் தானா வரும். வராத அன்னிக்கு காத்தை முழுங்கி நானா விடுவேன்."

இவளுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. ஐம்பது வயது தாண்டிய மனுஷன், தினமும் ராத்திரி, காற்றை விழுங்கி, ஏப்பம். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வந்தது சிரிப்பு இல்லை. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

"ஏன்?"

"ஏப்பம் வந்தாத்தானே நீ போய்ப் படுப்பே. நாலு மணிக்கு எழுந்திரிக்கணும்ல."

"அப்ப அதைக் குடிக்கிறதையாவது நிறுத்தியிருக்கலாமே! கேக்கலன்னா எதுக்குக் குடிச்சீங்க?"

அவர் ஊசி குத்தியிருந்த கையைப் பார்த்தார், போர்வையின் நூலைப் பார்த்தார். "நீ கலக்கிட்டு வந்து பக்கத்துல உக்காருவே" என்றார்.

இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். ஒரு நாளில் அவ்வளவுதான் அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, எப்போது ஏப்பம் வரும், எப்போது படுக்கலாம் என்று. அந்த மூன்று நிமிஷத்துக்காக ஒருவர் ஒரு வருடம் வயிற்றைப் பலி கொடுப்பாரா? வாயைத் திறந்து, கொஞ்சம் உட்காரு என்று சொன்னால் ஆகாதா? கோபமும் பாசமும் ஒன்றாகக் கிளம்பின. இப்போதும் அழவில்லை. மூக்கை மட்டும் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"கருப்பா போச்சா?" என்று கேட்டாள்.

"பத்து நாளா."

எழுந்துபோய் நர்ஸிடம் அதைச் சொல்லிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"இனிமே வலிச்சா சொல்லுவீங்களா?"

"ம்."

"ம் வேண்டாம். வாயைத் திறந்து சொல்லுங்க."

"சொல்றேன்."

"எனக்கு இல்லன்னாலும் அவங்களுக்கு. இந்தப் பொத்தானை அழுத்தணும். என்னைப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

"சரி."

"நான் இங்கதான் இருக்கேன். கலக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மாத்தான் உக்காந்திருக்கேன்."

அவர் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்தார், அவள் கையை வைத்துக்கொள்ள இடம் விடுகிற மாதிரி. அவள் கையை அங்கே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று வளைவில் திரும்பி நின்றது. பிரேக் கிறீச்சிட்டது. "லைனிங் தேஞ்சிருக்கு" என்றார். அவள் அதற்கு ம் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலை சாய்ந்தது. முதலில் கையின் மேல், பிறகு கட்டில் விளிம்பின் மேல். நாலு மணிக்கு எழுந்த உடம்பு. ஒரு பெருமூச்சு வந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. நகர்ந்ததில் பொத்தான் ஒயர் சரிந்து அவள் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து கிடந்தது. வார்டில் வெயில் இறங்கிக் கட்டில் கால்களின் நிழல் நீளமாகக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அவர் அசையாமல் படுத்திருந்தார்.

நாலே முக்காலுக்கு வலி வந்தது. நெஞ்சுக்குக் கீழே, வழக்கமான இடத்தில்தான், ஆனால் வழக்கமானது இல்லை. கத்தியைச் செருகித் திருப்பியது மாதிரி. நெற்றியில் வேர்வை அரும்பியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த மணியைப் பார்த்தார். அழுத்தினால் அது அலறும், அதற்கு நேர் கீழே அவள் தலை. ஊசி குத்தாத கையை மெல்ல, அவள் முடியில் படாமல், நீட்டினார். பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தார். அவள் மூச்சு அவர் மணிக்கட்டில் பட்டது, சூடாக, ஒரே சீராக.